ரிம் சிறுக்கலாம், சில்லு சிறுக்கக் கூடாது: மாரிக்கு முன் டயர் மாற்றும் புதியவர்களுக்கு

விளக்கீட்டுக்கு முதல் நாள் இரவு நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் முழுவதும் கொட்டித் தீர்த்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வீதியின் இடப்பக்கம் வெள்ளம் அசையாமல் கிடந்தது. அதற்குக் கீழே தார் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று கார் விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. முன் இடச் சில்லு உள்ளே இறங்கிய சத்தம் என் பல்லில் கேட்டது. எப்படியோ வீடு வந்துவிட்டேன். காலையில் குனிந்து பார்த்தால் டயரின் பக்கவாட்டில் குரும்பட்டி அளவுக்கு ஒரு வீக்கம். அலோய் ரிம்மின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தது.

டயர் கடை நானா வீக்கத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். “சேர், உள்ளே நூல் அறுந்துவிட்டது. ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்” என்றார். பிறகு ரிம்மைக் காட்டி, “இதில் ரப்பர் எங்கே இருக்கிறது? எல்லாம் ரிம்தானே!” என்றார்.

என்னுடையது 16 அங்குல ரிம் பூட்டிய டொயோட்டா அக்குவா. ரிம் விளிம்புக்கும் வீதிக்கும் நடுவில் நின்ற ரப்பரின் உயரம் 97.5 மில்லிமீற்றர், ஏறக்குறைய என் உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கையை நம்பித்தான் மாரி முழுவதும் ஓடியிருக்கிறேன்.

அன்று மாலை மொன்றியலில் இருக்கும் அக்காவின் மகனிடம் புலம்பியபோது அவன் சிரித்தான். “மாமா, குளிர் தொடங்க முன்பே நாங்கள் எல்லாரும் ரிம்மை ஒரு அங்குலம் குறைத்துவிடுவோம். நீங்கள் ஏன் மழைக்குக் குறைக்கக் கூடாது?” என்று கேட்டான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, கணக்குப் போட்டு, கடை கடையாக அலைந்து, நானும் நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு தவறும் செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக வாங்கி டயர் பற்றி ஒன்றும் தெரியாமல் நிற்பவர்களுக்கும் இது உதவும்.

மொன்றியல் பனியும் எங்கள் மாரியும்

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். அதனால் அங்கே பலரிடம் இரண்டு தொகுதிச் சில்லுகள் இருக்கின்றன. குளிர்காலத் தொகுதிக்குப் பெரும்பாலும் ஒரு அங்குலம் சிறிய ரிம்மையும், ஒடுக்கமான, உயரமான டயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறிய டயர் விலை குறைவு. உயரமான பக்கவாட்டு ரப்பர், பனிக்குள் மறைந்திருக்கும் குழியின் அடியைத் தாங்கும். ஒடுக்கமான டயர் சேற்றுப் பனியை வெட்டிக்கொண்டு கீழே தாரைத் தொடும். அலோய்க்குப் பதிலாக மலிவான இரும்பு ரிம் போட்டால், வீதியில் கொட்டும் உப்பு அழகான ரிம்மைத் தின்னாது.

பனி என்ற சொல்லை எடுத்துவிட்டு வெள்ளம் என்று போட்டுப் பாருங்கள். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் விழுந்துவிடுகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. எங்கள் குழிகள் பனிக்குள் மறையாமல் தண்ணீருக்குள் மறைகின்றன. உப்பை யாரும் வீதியில் கொட்டத் தேவையில்லை. உட்துறைமுக வீதியில் ஒரு மாலை காரை நிறுத்திவிட்டு வந்தால் கண்ணாடியில் விரலால் எழுதலாம்.

அங்கேயிருந்து எடுக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அது குளிர்கால டயரின் ரப்பர். ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனாலும் கல்லாக இறுகாமல் மென்மையாக இருக்கும்படி அதைக் கலக்கிறார்கள். எங்கள் வெயிலில் அது களிபோல் இளகி, வேகமாகத் தேயும். பிரேக் பிடிக்கும்போது நெளியும். “இங்கே யார் அதை விற்கிறார்கள்?” என்று நினைக்காதீர்கள். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் கார்கள் சிலவற்றில், அங்கே பனிக்குப் போட்ட டயர்கள் அப்படியே வந்துவிடுகின்றன. பிறகு அவை கழன்று கை மாறுகின்றன. பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருந்தாலோ, ‘ஸ்டட்லெஸ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தாலோ அது பெரும்பாலும் பனி டயர். ஓடுபரப்பின் ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல் நெருக்கமான நெளிக்கோடுகள் இருக்கும். புதுசுபோல் தெரியும், விலையும் மலிவாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் சில்லில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 195/50 ஆர் 16 என்பதுபோல் ஒரு கோவை இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 50 என்பது மில்லிமீற்றர் கணக்கில்லை. அகலத்தில் 50 சதவீதம் பக்கவாட்டு உயரம் என்று பொருள். நான் முதலில் இதைத்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன். ‘ஆர்’ ரேடியல் டயரைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்று அளவும் ஒரே வரியில் மூன்று விதமாக இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்து சாரதிக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ஜப்பான் கார் என்றால் எழுத்து புரியாது, எண் புரியும். டயர் அளவும் அதற்குரிய காற்றழுத்தமும் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் ஏறக்குறைய 33 பி.எஸ்.ஐ. அந்தத் தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட டயர் அளவுகள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்துவிட்டது. ஏனென்றால் அதே காருக்கு எந்தச் சிறிய ரிம் பொருந்தும் என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவில் செய்த அல்டோ 800 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். 145/80 ஆர் 12 என்ற அந்தச் சின்ன டயரின் பக்கவாட்டு உயரம் 116 மில்லிமீற்றர். என் 16 அங்குலச் சில்லை விட அதிகம். அல்டோக்காரர்கள் குழியில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்து போகும் இரகசியம் இதுதான்.

கணக்கு

இது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் கடையில் பார்த்துக்கொள்ளலாம். ரிம் சிறிதாகும்போது டயர் உயர வேண்டும். வெளி விட்டம் பழைய அளவிலேயே நிற்க வேண்டும்.

என் காரையே எடுத்துக்கொள்வோம். 195இன் பாதி 97.5. ரிம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு முறை வருவதால் 195. ரிம் 16 அங்குலம், 25.4ஆல் பெருக்கினால் 406.4. கூட்டினால் 601.4 மில்லிமீற்றர். இதுதான் என் சில்லின் முழு விட்டம்.

14 அங்குல ரிம்முக்கு 175/70 ஆர் 14 என்ற டயரைப் பார்த்தேன். 175இல் 70 சதவீதம் 122.5. இரண்டு மடங்கு 245. ரிம் 355.6. மொத்தம் 600.6. முழுச் சில்லுக்கும் ஒரு மில்லிமீற்றர் கூட வித்தியாசமில்லை. ஆனால் குழிக்கும் ரிம்முக்கும் நடுவே 25 மில்லிமீற்றர், அதாவது ஒரு அங்குல ரப்பர், கூடுதலாகக் கிடைத்துவிட்டது. இந்த எண்ணைக் கண்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

நடுவழியும் உண்டு. 15 அங்குலத்தில் 175/65 ஆர் 15 போட்டால் விட்டம் 608.5, பக்கவாட்டு உயரம் 113.75. அக்குவாவில் பரவலாக வருவது இந்த அளவுதான். எந்த அளவுக்கு மாறினாலும் பழைய விட்டத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 3 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். சில்லு சிறிதானால் மானி கூட்டிக் காட்டும், பெரிதானால் குறைத்துக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து, நகருக்கு வெளியே 70 என்று நம்பி 73இல் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

வேறு கார்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் 185/55 ஆர் 16 இருந்தால் விட்டம் 609.9, அதே கார் 185/60 ஆர் 15உடனும் வந்திருக்கிறது, விட்டம் 603. சுசூக்கி வாகன்ஆர் ஸ்டிங்ரேயில் 165/55 ஆர் 15 போட்டிருந்தால் 562.5, சாதாரண வாகன்ஆரின் 155/65 ஆர் 14 போட்டால் 557.1. இரண்டிலும் வித்தியாசம் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பெரிய ரிம் காட்சிக்கு, சிறிய ரிம் வேலைக்கு என்று கார் செய்தவர்களே பிரித்து வைத்திருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

பலர் கேட்கும் சந்தேகம்: ரிம் சிறிதானால் கார் பதிந்துவிடாதா? பதியாது. காரைத் தூக்கி நிறுத்துவது சில்லின் முழு விட்டம். அது மாறாவிட்டால் உயரமும் மாறாது. இதே காரணத்தால், உயரமான டயர் போட்டுக் காரைத் தூக்கிவிடலாம் என்ற ஆசையும் பலிக்காது. விட்டத்தைப் 13 மில்லிமீற்றர் கூட்டினால் கார் உயர்வது 6.5 மில்லிமீற்றர் மட்டுமே.

ரிம் தேடுதல்

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் வரக்கூடியவர்களுக்கு வேலை சுலபம். இங்கேயே தேடுபவர்கள், பாவித்த உதிரிப்பாகக் கடைகளில் தங்கள் கார் மாதிரியின் பெயரைச் சொல்லி, ‘கழற்றிய இரும்பு ரிம்’ என்று கேளுங்கள். அலோய் போட ஆசைப்பட்டுப் பலர் கழற்றி எறிந்தவைதான் இவை. அவர்களுடைய ஆசைக்கு நன்றி.

ரிம் உங்கள் காருக்குப் பொருந்த நான்கு விடயங்கள் ஒத்துவர வேண்டும். முதலாவது நட் துளைகள். 4 துளை, அவற்றின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர் என்பது அக்குவா, விட்ஸ், ஃபிட், வாகன்ஆர் எல்லாவற்றுக்கும் பொது. கடைக்காரர்கள் இதை ‘பி.சி.டி. 4-100’ என்பார்கள். இந்தப் பொதுத்தன்மைதான் என் முதல் தவறுக்குக் காரணம்.

இரண்டாவது, நடுத்துளை. நண்பர் ஒருவரின் ஃபிட்டுக்கும் சேர்த்து ரிம் வாங்கலாம் என்று விட்ஸிலிருந்து கழற்றிய நல்ல ரிம் நான்கைப் பேரம் பேசி வாங்கிவிட்டேன். கராஜில் வைத்துப் பூட்டப் போனால் நான்கு போல்ட்டும் துளைக்குள் வருகின்றன, ரிம் மட்டும் ஹப்பில், அதாவது ரிம்மைத் தாங்கும் காரின் நடுக்குமிழில், உட்கார மறுக்கிறது. மெக்கானிக் தம்பி கையால் தட்டினார், காலால் தட்டினார். கடைசியில் வெர்னியர் எடுத்து அளந்தோம். டொயோட்டா ரிம்மின் நடுத்துளை 54.1 மில்லிமீற்றர். ஹொண்டாவின் ஹப் 56.1. இரண்டு மில்லிமீற்றர்! கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதாக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மையம் ஒரு மயிரிழை விலகினாலும் ஸ்டீயரிங் நடுங்கும். எதிர்த்திசையில் பிரச்சினை குறைவு: ஹொண்டா ரிம் டொயோட்டாவில் போகும், இடைவெளியை நிரப்ப ஒரு மைய வளையம் போட வேண்டும். அந்த விட்ஸ் ரிம்கள் வேறு ஒரு விட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன, கொஞ்சம் நட்டத்தோடு.

மூன்றாவது, ‘ஓஃப்செட்’ என்று சொல்வது. ரிம்மின் அகல மையத்திலிருந்து, அது ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் அளவு இது. ரிம்மின் உட்புறத்திலோ துளைகளுக்கு அருகிலோ ஒரு எண்ணாகப் பொறித்திருக்கும். பழைய ரிம்மின் எண்ணை ஒட்டி இருந்தால் போதும். மிகக் குறைந்தால் சில்லு வெளியே துருத்தி மட்காட்டில் உரசும், கூடினால் உள்ளே போய் ஷொக் அப்சோபரில் உரசும்.

நான்காவது பிரேக். சிறிய ரிம்முக்குள் முன் பிரேக் கலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், அடங்க வேண்டும். அக்குவாவின் ஆரம்பத் தரம் 165/70 ஆர் 14 டயருடன் வெளிவந்ததால் 14 அங்குலம் அடங்கும் என்று எனக்கு முன்பே நம்பிக்கை இருந்தது. ஆனாலும் ரிம்முக்கு ரிம் உட்புற வளைவு மாறும் என்பதால் டயர் பூட்டுவதற்கு முன் வெறும் ரிம்மைப் பூட்டிப் பார்த்துவிடுங்கள். முன் சில்லைக் கழற்றி, வெறும் ரிம்மை வைத்து, நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாகச் சுழற்றுங்கள். கலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் எங்கும் 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அந்த இடுக்கில் அளவுகோல் நுழையவில்லை. நான்கு வங்கி அட்டைகளைச் சேர்த்துவைத்து நுழைத்துப் பார்த்தேன். பிறகு சில்லின் சமநிலைக்காக உட்புறத்தில் ஈயத் துண்டுகள் ஒட்டுவதானால் அவற்றுக்கும் இடம் வேண்டும். அது முடிந்ததும் டயர் பூட்டிய சில்லோடு ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.

பாவித்த இரும்பு ரிம் வாங்கும்போது சீராக இருக்கிறதா என்று பலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நெளிவு கண்ணுக்குத் தெரியாது, சுழலும்போது தெரியும். நட் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நட்டில் சிக்கியது

இரண்டாவது தவறு செய்தது நான் இல்லை, ஃபிட் நண்பர். பிறகு அவருக்கு வேறு ரிம் கிடைத்தது. பழைய நட்டையே இறுக்கி ஓட்டினார். ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி உருண்டை வடிவம். அவர் வாங்கிய வேறு நிறுவன ரிம்மின் துளையோ கூம்பு வடிவம். உருண்டை கூம்பில் முழுமையாகப் படியாமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. கந்தளாய்க்குப் போய்த் திரும்பும் வழியில் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட் விரலால் சுழன்றன. தம்பலகாமத்தைத் தாண்டுவதற்குள் நிறுத்திப் பார்க்கும் அறிவு அவருக்கு வந்தது நல்ல காலம்.

ஆகவே ரிம் வாங்கும்போது அதற்குரிய நட்டையும் கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவின் சில அலோய் ரிம்களுக்கு அடியில் தட்டை வளையம் உள்ள நீண்ட நட் வரும். அதை இரும்பு ரிம்மில் போடக் கூடாது, இரும்பு ரிம் கூம்பைக் கேட்கும். போல்ட்டின் மரைப்புரி இடைவெளியும் வேறுபடும்: டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் 12 மில்லிமீற்றர் போல்ட், 1.5 மில்லிமீற்றர் புரி, சுசூக்கிக்கு அதே 12, ஆனால் 1.25 புரி. தவறான நட் இரண்டு சுற்று வரை இலகுவாகப் போகும், பிறகு இறுகும். இறுகும்போது ஸ்பனரில் ஏறி நின்று மிதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். போல்ட் போய்விடும்.

டயர் வாங்கும்போது

புது டயர் வாங்குங்கள். மாரிக்காகத்தான் இத்தனை பாடு என்றால் பாவித்த டயரில் சேமிக்காதீர்கள். சிறிய அளவுக்கு இறங்குவதால் மிச்சப்படும் காசே நல்ல புது டயருக்கு உதவும். 14 அங்குல டயர் 16ஐ விடக் கணிசமாக மலிவு. எந்த ஊரிலும் கிடைக்கும். புல்மோட்டைப் பக்கம் போய் டயர் வெடித்தால் 195/50 ஆர் 16ஐ யாரிடம் கேட்பீர்கள்?

அளவுக்குப் பின்னால் 84டி என்பதுபோல் ஒரு குறி இருக்கும். 84 என்றால் அந்த ஒரு டயர் 500 கிலோகிராம் தாங்கும். 81 என்றால் 462. பழைய டயரின் எண்ணை விடக் குறையக் கூடாது. கடைக்காரர் 165/70 ஆர் 14ஐ எடுத்துக் காட்டி “இதுவும் அக்குவாவுக்கு வருவதுதான்” என்றபோது நான் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். அது பெரும்பாலும் 81. என் பழைய டயர் 84. தவிர அதன் விட்டம் 586.6, என்னுடையதை விட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் குறைவு. வேக எழுத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ‘டி’ என்றால் 190 கிலோமீற்றர் வேகம் வரை. அதிவேகப் பாதையிலேயே இங்கே எல்லை 100தான்.

உற்பத்தித் திகதியைப் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் கோவையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில்தான் முழுக்கோவை இருக்கும், கடைக்காரர் டயரைத் திருப்பிக் காட்டத் தயங்கினால் நீங்களே திருப்புங்கள். கடற்கரை ஊரின் வெயிலில் நான்கைந்து ஆண்டு கடை வாசலில் நின்ற டயர், ஓடாமலே கிழண்டிருக்கும்.

ஓடுபரப்பில் நீளவாக்கில் ஆழமான மூன்று நான்கு கால்வாய்கள் இருக்கும் டயரைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். புது டயரில் ஆழம் 7, 8 மில்லிமீற்றர். கால்வாய்க்குள் ஆங்காங்கே குறுக்கே தெரியும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீற்றரில் அமைந்தவை. ஓடுபரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. மாரிக்கு அது மிகவும் பிந்திய எச்சரிக்கை. நான் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவேன். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைக் கால்வாயில் நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

நான்கு சில்லுக்கும் ஒரே அளவு, ஒரே வகை. முன்னுக்கு இரண்டு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில்லுகளின் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்யும் பிரேக் முறை குழம்பிவிடும், வளைவில் பின்பக்கம் வழுக்கும். உதிரிச் சில்லு இருப்பவர்கள் அதன் விட்டமும் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் நாள்

மழை தொடங்கிய பிறகு டயர் கடையில் வரிசை. புரட்டாசி முடிய முன் போய்விடுங்கள். ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இது சடங்கில்லை, அவசியம். உப்புக் காற்றில் ரிம் ஹப்போடு ஒட்டிக்கொண்டால், மழையில் பஞ்சரான அன்று கழற்ற முடியாமல் நிற்பீர்கள். துருவைச் சுரண்டிய இடத்தில், ரிம் மையத்தோடு தொடும் வளையத்தில் மட்டும் கிறீஸை விரல் நுனியால் பூசலாம். நட் படும் இடத்திலும் புரியிலும் பூசக் கூடாது.

நட்டைக் குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. பல கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று இறுக்கி விட்டுவிடுவார்கள். கடைசி இறுக்கத்தை அளவு காட்டும் ஸ்பனரால் செய்யச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கந்தளாய் போய்த் திரும்பும் தூரம், அதாவது 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். குழியில் விழுந்த கார் என்றால் கட்டாயம்.

காற்று. இதைக் கடைசியில் சொன்னாலும் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா 1960களில் விமானச் சில்லுகளை வைத்து ஒரு சூத்திரம் கண்டது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு அந்த வேகம் கூடிக் குறைகிறது. 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஏறக்குறைய மணிக்கு 94 கிலோமீற்றரில் மிதப்பு. 20க்கு இறங்கினால் 75இலேயே மிதப்பு. கார் டயர் விமான டயர் இல்லை. தேய்ந்த டயர் இன்னும் முன்பே மிதக்கும். திசை மட்டும் ஒன்றுதான்: காற்றுக் குறைந்தால் பிடி முதலில் போகும். வெள்ளத்துக்குக் காற்றை இறக்கினால் நன்றாகப் பிடிக்கும் என்று மணலில் ஓட்டிய அனுபவத்தில் சொல்பவர்கள் உண்டு. மணலுக்குச் சரி. தார் வீதி வெள்ளத்துக்கு நேர்மாறு. டயரில் காற்றுக் குறைந்திருப்பது கண்ணுக்கும் எளிதில் தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் டயர் சூடாக முன், கதவுத் தாளில் உங்கள் டயர் அளவுக்கு எழுதிய அழுத்தத்தை அடியுங்கள். அந்த அளவு தாளில் இல்லையென்றால் பழைய அளவின் அழுத்தத்தில் தொடங்கி, கடைக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இது செய்யாத வேலை

டயர் மாற்றியதும் கார் படகாகிவிடாது. உயரம் மாறவில்லை என்று முன்பே கணக்குப் போட்டோம். அக்குவாவின் உயர் மின்னழுத்த பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. கதவு வாசற்படியைத் தொடும் வெள்ளத்தில் இறங்கினால் டயருக்குச் செலவழித்த காசைப்போல் எத்தனையோ மடங்கு போகும். சில்லின் பாதி மறைந்தால் திரும்பிவிடுங்கள். கிண்ணியாப் பக்கமானாலும் மூதூர்ப் பக்கமானாலும், வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடுகிறதென்றால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். ஓடும் தண்ணீருக்குச் சில்லின் அகலம் ஒடுக்கம் எதுவும் பொருட்டில்லை.

அழகும் கொஞ்சம் போகும். முதல் நாள் காரை வீட்டு வாசலில் நிறுத்தியபோது என் மகள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அப்பா, கார் செருப்புப் போட்டதுபோல் இருக்கிறது” என்றாள். வளைவில் ஸ்டீயரிங் முன்போல் சட்டென்று பதில் சொல்லவில்லை. அரை நொடி யோசித்துத்தான் திரும்புகிறது. உயரமான ரப்பரின் குணம் அது. ஆனால் அதே குழி, நிலாவெளி வீதியின் அதே இடப்பக்கம், அடுத்த கார்த்திகையிலும் வெள்ளத்துக்குள் மறைந்துதான் கிடந்தது. ‘தொம்’ என்ற சத்தம் கேட்டது. இறங்கிக் கைபேசி விளக்கில் டயரின் உட்புறமும் வெளிப்புறமும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

இரண்டு தொகுதி வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். மொன்றியல்காரர்களுக்கு வேண்டும், எங்களுக்கு ரப்பர் வகை மாறாததால் கோடைக்கும் இந்தச் சிறிய சில்லையே ஓட்டலாம். பெரிய ரிம்மை விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள் பொங்கல் கழித்து, மழை ஓய்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய தொகுதியைக் கழுவி, உப்புப் போகத் துடைத்து, ரிம்மோடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். டயர் மட்டும் தனியே என்றால் நிறுத்தி வையுங்கள். வெயில் படாத இடமாகவும், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் மோட்டாரின் பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.

என்னுடைய 16 அங்குலத் தொகுதி குசினிக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடக்கிறது. இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது, இன்னும் மாற்றவில்லை. அதில் மூன்றுதான் வட்டமாக இருக்கின்றன.